வளையத் தெரிந்த தண்டு: செயற்கை வட்டின் வரலாறு

தமிழில் முதுகு என்பது ஓர் உறுப்பின் பெயர் மட்டுமன்று. அது ஒரு மதிப்பீடும் ஆகும். மார்பில் ஏற்ற விழுப்புண்ணைப் பெருமையாகவும், முதுகில் பட்ட புறப்புண்ணைத் தீரா நாணமாகவும் கொண்டது சங்ககால மறவனின் அறம். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரன் வடக்கிருந்து உயிர்நீத்த செய்தியை நாம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். இன்றைய வழக்கிலும் கொள்கைப் பிடிப்பற்றவனை 'முதுகெலும்பில்லாதவன்' என்கிறோம். எவருக்கும் வளையாதவரை 'நிமிர்ந்த முதுகுக்காரர்' என்று மெச்சுகிறோம். மொழி இவ்வாறு நிமிர்வையே போற்றிவர, உடற்கூறோ வேறொன்றைச் சொல்கிறது. வளையாத முதுகெலும்பு நோயுற்ற முதுகெலும்பு. நம்மை நிமிர்த்தி வைத்திருப்பதே வளையத் தெரிந்த ஒரு தண்டுதான்.

நாற்பதைக் கடந்த நம்மில் பலருக்கு இவ்வுண்மை வலியின் வாயிலாகவே அறிமுகமாகிறது. 'டிஸ்க் விலகியிருக்கிறது', 'ஜவ்வு தேய்ந்துவிட்டது' என்னும் சொற்கள் நுழையாத வீடு இன்று அரிது. அவற்றின் பின்னாலேயே இன்னும் இரண்டு தொடர்கள் வந்து சேர்கின்றன: 'அசைவைக் காக்கும் செயற்கை டிஸ்க்', 'சிறு துளை வழியே அறுவை சிகிச்சை'. இரண்டும் ஒரே கண்டுபிடிப்பின் இரு பெயர்கள் போலத் தோன்றக்கூடும். வரலாற்றிலோ அவை வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து புறப்பட்டவை. ஓரிடத்தில் ஒன்றையொன்று மறுத்தும், ஓரிடத்தில் கைகோத்தும் வந்தவை. அந்தக் கதையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

வட்டு என்னும் அற்புதம்

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அசையும் முள்ளெலும்புகள் 24. அவற்றினிடையே, கழுத்தின் இரண்டாம் எலும்புக்குக் கீழிருந்து இடுப்பின் அடிவரை, 23 வட்டுகள் உள்ளன. ஒவ்வொரு வட்டும் இரு பகுதிகளால் ஆனது. வெளியே, வெங்காயத்தின் அடுக்குகள் போல ஒன்றையொன்று சூழ்ந்த உறுதியான நார்வளையம். நடுவே, நீர் மிகுந்த கூழ் போன்ற கரு. மேலிருந்து வரும் சுமையைக் கரு நாற்புறமும் பகிர்கிறது. வளையம் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. காலையில் இருந்த உயரத்தைவிட மாலையில் நாம் ஓரிரு சென்டிமீட்டர் குறைந்திருப்பதும், இரவு படுத்தெழுந்ததும் அதை மீளப் பெறுவதும் இந்த வட்டுகள் நீரை இழப்பதாலும் மீண்டும் உறிஞ்சுவதாலும்தான்.

வளர்ந்த மனிதனின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் ஏறத்தாழ இல்லை. அதற்குரிய உணவு அருகிலுள்ள எலும்பிலிருந்து கசிந்தே வரவேண்டும். ஆதலால் ஒருமுறை கிழிந்த வட்டு, மற்றத் திசுக்களைப் போல எளிதில் ஆறுவதில்லை. இந்த ஒரு குறைபாடே நாம் சொல்லவிருக்கும் வரலாறு முழுமைக்கும் வித்து.

பெயர் மாறிய கட்டி

1543இல் வெளியான வெசாலியஸின் உடற்கூற்றுப் பெருநூலிலேயே வட்டு பேசப்பட்டுவிட்டது. 1764இல் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் டொமெனிக்கோ கொட்டுன்யோ, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி நரம்பைச் சார்ந்தது என்று எழுதினார். ஆயினும் அந்த நரம்பை நெரிப்பது பெரும்பாலும் வட்டுதான் என்று இரண்டையும் இணைத்துக் காண மேலும் 170 ஆண்டுகள் ஆயின. தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்த குருத்தெலும்புத் துண்டுகளை அறுவை மருத்துவர்கள் அவ்வப்போது அகற்றிவந்தனர். அவற்றைக் 'கட்டி' என்றே பதிவும் செய்துவந்தனர். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நோயியலறிஞர் கியோர்க் ஷ்மோர்ல் ஆயிரக்கணக்கான முதுகெலும்புகளை அறுத்து ஆராய்ந்து, வட்டு எவ்வெவ்வாறெல்லாம் சிதைகிறது என்று காட்டினார். 1929இல் அமெரிக்கரான வால்ட்டர் டேன்டி, கட்டியென எண்ணி அகற்றப்பட்டவை வட்டிலிருந்து உடைந்த துண்டுகளே என இரு நோயாளிகளைக் கொண்டு எழுதினார். அப்போது அதற்கு உரிய கவனம் கிட்டவில்லை.

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் மிக்ஸ்டரும், எலும்பியல் மருத்துவர் ஜோசப் பாரும் சேர்ந்து பணியாற்றினர். கட்டி என்று பெயரெழுதிச் சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளை அவர்கள் மீண்டும் எடுத்துப் பரிசோதிக்கச் செய்தனர். அவற்றிற் பல, பிதுங்கிய வட்டின் பகுதிகளே என்பது தெளிந்தது. 1934இல் வெளிவந்த அவர்களது கட்டுரை முதுகு மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. பெயர் மாறியதும் நோயும் மாறியது. பிதுங்கிய பகுதியை அகற்றினால் கால்வலி தீரும் என்னும் நம்பிக்கை பிறந்தது. அகற்றிய இடத்தில் என்ன வைப்பது என்ற கேள்வி அப்போது எழவில்லை.

அசையாதிருப்பதே மருந்து

அக்கேள்விக்கு மருத்துவத்திடம் ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. 1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி ஆகிய இருவரும் தனித்தனியே முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து உருக்கிவிடும் அறுவையை அறிவித்திருந்தனர். அவர்களது நோக்கம் காசநோயால் அரிக்கப்பட்ட முதுகெலும்பு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. எலும்பு உதிர்ந்து கூன் விழுவதைத் தடுக்க, அசைவை நிறுத்துவதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை. காலில் இருந்து எடுத்த எலும்புத் துண்டை முதுகில் பதியம் வைத்தார் ஆல்பி. காசநோய்க்கெனப் பிறந்த அம்முறை, பின்னாளில் தேய்ந்த வட்டுக்கும் மருந்தாயிற்று. 1950களில் கழுத்தின் முன்புறமாகச் சென்று வட்டை அகற்றி எலும்பை வைத்து இணைக்கும் முறையை ராபின்சன், ஸ்மித் இருவரும், ஹவாய்த் தீவில் ரால்ஃப் கிளவர்டும் வகுத்தனர். பிறகு திருகாணிகள் வந்தன. இணைப்பு இன்னும் உறுதியாயிற்று.

வலிக்கும் மூட்டை அசையாமற் செய்தால் வலி அடங்கும் என்பது இதன் தருக்கம். பலருக்கு அடங்கவும் செய்தது. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணியை இறுக்கிவிட்டால், அதன் அசைவைப் பக்கத்துக் கண்ணிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா? 1999இல் ஆலன் ஹிலிபிராண்ட் குழுவினர், கழுத்து இணைப்பு அறுவை செய்துகொண்ட 374 பேரைப் பின்தொடர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 2.9 விழுக்காட்டினருக்கு அடுத்த பகுதியில் புதிய நோய் தோன்றியது. 10 ஆண்டுகளில் நான்கில் ஒருவருக்கு அது நேரும் என மதிப்பிடப்பட்டது. இதற்கு இணைப்புதான் காரணமா, அன்றி முதுமையின் இயல்பான தேய்வா என்ற வழக்கு இன்றளவும் முழுதாகத் தீரவில்லை. ஆயினும் அசைவைக் காக்க விரும்பியோருக்கு அந்த எண்கள் பெரும் வாதமாயின.

எஃகுக் குண்டும் இடுப்பு மூட்டும்

அவ்விருப்பம் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே அரும்பியிருந்தது. 1960களில் சுவீடன் நாட்டு மருத்துவர் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம், வட்டை அகற்றிய வெற்றிடத்தில் ஓர் எஃகுக் குண்டை வைத்தார். பார்வைக்கு அது பொறிகளில் உருளும் 'பால் பேரிங்' குண்டுதான். எலும்பு அதன்மேல் உருண்டு அசையும் என்பது எண்ணம். நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு அதைப் பொருத்தினார். 1966இல் அந்த அனுபவத்தை வெளியிட்டார். ஆனால் உடலின் சுமை முழுதும் ஒரு சிறு புள்ளியில் இறங்கியதால் குண்டு மெல்ல மெல்ல எலும்புக்குள் அமிழ்ந்தது. எண்ணம் சரியாக இருந்தும் வடிவம் தவறிற்று. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்துறையில் பெரும்பாலும் மௌனம்.

அந்த மௌனத்தினூடே இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு ஒரு விடை கண்டார். முதலில் அவர் பயன்படுத்திய டெஃப்லான் விரைவில் தேய்ந்து தோற்றது. 1962இல் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். உலோகமும் பாலிஎத்திலீனும் உரசும் அந்த இணை பல்லாண்டு தாங்கியது. முதுகுக்கும் அதே இணையைக் கொண்டுசெல்லலாம் என்று பிறகு வந்தவர்கள் எண்ணினர். ஆனால் இடுப்பு மூட்டு ஒரு பந்து-கிண்ணம். அதன் சுழற்சிக்கு நிலைத்த மையம் உண்டு. வட்டின் அசைவுக்கோ மையமே இடம்பெயர்ந்துகொண்டிருக்கும். குனியும்போது ஓரிடம், நிமிரும்போது வேறிடம்.

பெர்லினில் ஒரு வீராங்கனை

இந்தச் சிக்கலை அவிழ்க்க முனைந்தவர்களுள் ஒருவரின் வாழ்க்கையைப் புனைகதையில் எழுதினால் மிகையென்பர். கிழக்கு ஜெர்மனியின் காரின் யான்ஸ் ஒரு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 2 தங்கம், 2 வெள்ளி, 1 வெண்கலம் என 5 பதக்கங்கள் வென்றவர். வில்லென வளையும் முதுகைக் கொண்டு உலகை வியக்கச் செய்த அவர், பின்பு மருத்துவம் பயின்று எலும்பியல் மருத்துவரானார். கிழக்கு பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில், 1980களின் தொடக்கத்தில், குர்ட் ஷெல்நாக் என்பவரோடு இணைந்து ஒரு செயற்கை வட்டை வடிவமைத்தார். அப்போது அவர் பெயர் காரின் பியூட்னர்-யான்ஸ்.

மேலும் கீழும் இரு உலோகத் தகடுகள். இடையே இருபுறமும் குவிந்த பாலிஎத்திலீன் வில்லை. அவ்வில்லை எத்தகட்டிலும் ஒட்டப்படவில்லை. குனிந்தால் பின்னோக்கியும் நிமிர்ந்தால் முன்னோக்கியும் தானே நகரும். இடம்பெயரும் மையத்துக்கு இடம்பெயரும் வில்லை என்பதே அதன் தத்துவம். 1984இல் முதல் மனிதருக்கு அது பொருத்தப்பட்டது. முதல் வடிவத்தின் சிறிய வட்டத் தகடுகள் எலும்புக்குள் அமிழ்ந்தன. பக்கவாட்டில் சிறகு வைத்த இரண்டாம் வடிவத்தில் உலோகம் களைப்புற்று முறிந்தது. மூன்றாம் வடிவத்தை 1987இல் ஹாம்பர்க் நகரின் வால்டெமார் லிங்க் நிறுவனம் உருவாக்கியது. ஹாம்பர்க் மேற்கு ஜெர்மனியில் இருந்தது. பெர்லின் சுவர் விழுவதற்கு இரண்டாண்டு முன்னரே இந்தச் சிறு பொருள் அதைக் கடந்துவிட்டது.

காத்திருந்த மருத்துவர்

அதே காலத்தில் பிரான்சின் மோன்பெலியே நகரில் தியெரி மார்னே வேறொரு வட்டை வடிவமைத்தார். புரோடிஸ்க் என்று அழைக்கப்பட்ட அதன் பாலிஎத்திலீன் பகுதி கீழ்த்தகட்டிலேயே பொருத்தப்பட்டது. எலும்பில் பதிய ஒரு முகட்டு விளிம்பும் அதற்கு இருந்தது. 1990 முதல் 1993 வரை 64 பேருக்கு அதைப் பொருத்தினார்.

இனி அவர் செய்ததே நம் கவனத்துக்குரியது. அவர் நிறுத்திக்கொண்டார். முடிவுகள் தெரியும்வரை மேலும் பொருத்துவதில்லை என்று காத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து அந்நோயாளிகளைத் தேடி ஆராய்ந்து, நம்பிக்கை பெற்ற பின்னரே 1999இல் இரண்டாம் வடிவம் வந்தது. சராசரியாக 8.7 ஆண்டுகள் கடந்த நிலையில் நோயாளிகளின் நிலையை விளக்கும் கட்டுரை 2005இல் வெளிவந்தது. ஒரு நாற்பது வயதுக்காரரின் முதுகில் வைக்கும் பொருள் இன்னும் நாற்பது ஆண்டுகள் உழைக்க வேண்டும். அதை இரண்டாண்டு ஆய்வால் அளந்துவிட முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். மருத்துவ வரலாறு கண்டுபிடித்தவர்களின் பெயர்களையே பெரிதும் நினைவில் வைக்கிறது. காத்திருந்தவர்களையும் நினைப்பது முறை.

அதே மருத்துவமனையிலிருந்து ஒரு கணக்கு

2004ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஷாரிட்டே வட்டுக்கு ஒப்புதல் அளித்தது. ஆய்வில் 304 நோயாளிகள். 205 பேருக்கு வட்டு, 99 பேருக்கு ஒரு வகை உலோகக் கூண்டால் இணைப்பு. இரண்டாண்டு முடிவில் வட்டு இணைப்பைவிடத் தாழ்ந்ததன்று என நிறுவப்பட்டது. தாழ்ந்ததன்று என்பதற்கும் உயர்ந்தது என்பதற்கும் உள்ள தொலைவை இலக்கியம் பயின்றோர்க்கு விளக்க வேண்டியதில்லை. விளம்பரங்களோ அத்தொலைவை எளிதில் தாண்டின. ஒப்பிடப்பட்ட கூண்டே வழக்கொழிந்துவந்த ஒன்று என்ற விமர்சனமும் எழுந்தது.

2006இல் ஷாரிட்டே மருத்துவமனையிலிருந்தே ஓர் ஆய்வு வந்தது. 1984 முதல் 1989 வரை அங்கே வட்டு பொருத்தப்பட்டவர்களுள் 53 பேரைச் சராசரி 17 ஆண்டுகளுக்குப் பின் பரிசோதித்திருந்தனர். ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு வட்டைச் சுற்றி எலும்பு வளர்ந்து, அந்த இடம் தானாகவே இறுகிப்போயிருந்தது. 23 விழுக்காட்டினருக்கு மறு அறுவையால் இணைக்க நேர்ந்தது. அசைவு எஞ்சியிருந்தோர் 17 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களிடம் பக்கத்து வட்டுகள் கெடவில்லை என்பது உண்மை. ஆனால் தானாக இறுகிப்போனவர்களே அவர்களைவிட மனநிறைவோடு இருந்தனர்! அசைவைக் காக்கவென்று வைத்த பொருளை உடலே பெரும்பாலும் அசையாமற் செய்தது. அதில் நிம்மதியும் கண்டது. பிறந்த வீட்டிலிருந்தே வந்த இந்தக் கணக்கை வெளியிட்ட நேர்மையை நாம் போற்ற வேண்டும். பிரான்சின் லெமேர் குழுவினர் 2005இல் மூன்றாம் வடிவத்தைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து மிக நல்ல முடிவுகளை அறிவித்திருந்தனர் என்பதையும் உடன் சொல்லிவிடுவதே நியாயம். வடிவமும், மருத்துவரின் கையும், நோயாளியின் தேர்வும் முடிவை எவ்வளவு மாற்றுகின்றன என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

2007இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, 60 வயதைக் கடந்தோர்க்கு இடுப்புச் செயற்கை வட்டுக்குப் பணம் தருவதில்லை என முடிவு செய்தது. ஷாரிட்டே வட்டும் பின்னர்ச் சந்தையை விட்டு மறைந்தது.

சிறு துளையின் தனிக்கதை

இனி இரண்டாம் ஊற்றுக்கு வருவோம். காயத்தைச் சிறிதாக்கும் முயற்சி வேறு வழியில் வளர்ந்தது. அதன் தொடக்கத்தில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு கனி நிற்கிறது. 1956இல் லூயிஸ் தாமஸ் என்ற மருத்துவர், பப்பாளியிலிருந்து எடுத்த நொதியை முயல்களுக்குச் செலுத்தியபோது அவற்றின் விறைத்த காதுகள் தளர்ந்து தொங்கின என்று எழுதினார். காதின் குருத்தெலும்பு மென்மையாகிப்போயிருந்தது. பின்னாளில் அறிவியல் கட்டுரை நூல்களால் இலக்கிய வாசகர்களின் அன்பைப் பெற்ற அதே லூயிஸ் தாமஸ்தான் இவர். அக்கட்டுரையின் வழிவந்த சிந்தனையில், 1960களில் லைமன் ஸ்மித் பப்பாளியின் மற்றொரு நொதியை ஊசிவழி வட்டுக்குள் செலுத்திக் கருவைக் கரைத்தார். கத்தியே இல்லை. 1982இல் அமெரிக்க ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் சிலருக்குக் கடும் ஒவ்வாமையும், அரிதாகத் தண்டுவடப் பாதிப்பும் நேர்ந்தன; 2003இல் அம்மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து நீங்கியது.

1977இல் யாசர்கில், காஸ்பர் இருவரும் தனித்தனியே அறுவை நுண்நோக்கியைக் கொண்டு சிறு காயத்தின் வழியே வட்டை அகற்றும் முறையை அறிவித்தனர். ஃபிலடெல்ஃபியாவில் பர்விஸ் காம்பின் நரம்புக்கு அருகே ஆபத்தின்றி நுழையத்தக்க ஒரு முக்கோணத்தைக் கண்டு காட்டினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1997இல் ஃபோலி, ஸ்மித் ஆகியோர், ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் குழாய்களால் தசையை அறுக்காமல் விலக்கி வழிகாணும் முறையைத் தந்தனர். வட்டை நோக்கிச் செல்லும் பாதையில் கெடாதிருப்பவற்றைக் கெடாமற் காப்பதே இவர்கள் அனைவரின் கவலை.

வாசலும் பொருளும்

இவ்விரு ஊற்றுகளும் இடுப்பில் சந்திக்கும்போது முரண் எழுகிறது. சிறு துளை வழியே வட்டின் ஒரு துண்டை வெளியே எடுக்கலாம். ஒரு முழுச் செயற்கை வட்டை உள்ளே கொண்டுசெல்ல இயலாது. முதுகின் பின்புறத்தில் நரம்புகள் காவலிருப்பதால் அதை வயிற்றின் வழியேதான் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே உடலின் பெருங்குழாய்கள் வட்டின்மேல் படர்ந்து கிடக்கின்றன. அவற்றை ஒதுக்கியாக வேண்டும். முதல்முறை ஒதுக்குவது கைதேர்ந்தவர்க்கு இயலும். வட்டு தோற்று மீண்டும் திறக்க நேர்ந்தால், தழும்பேறிய அக்குழாய்களே பகையாகும். நார்வேயில் 173 பேரிடம் செயற்கை வட்டையும் முறையான உடற்பயிற்சி மறுவாழ்வையும் ஒப்பிட்டு 2011இல் வெளியான ஆய்வில், மறு அறுவையின்போது குழாயில் நேர்ந்த காயத்தால் ஒருவர் காலை இழந்தார். அவ்வாய்வில் அறுவையே சற்று மேலான பயன் தந்தது. ஆனால் 100 புள்ளி அளவுகோலில் வேறுபாடு 8.4 மட்டுமே. பொருட்படுத்தத்தக்கது என்று முன்கூட்டியே வகுத்த எல்லையோ 10.

கழுத்திலோ கதை மாறுகிறது. முன்கழுத்தில் தசைகளை அறுக்காமல், இயல்பான இடைவெளி வழியே சில சென்டிமீட்டர் காயத்தில் வட்டை அடையலாம். சுமையும் தலையளவே. 1989இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஃப்ரென்சே மருத்துவமனையில் பிரையன் கம்மின்ஸ், மருத்துவமனைப் பட்டறையிலேயே செய்த எஃகு மூட்டோடு தொடங்கினார். 1998இல் 20 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார். அதன் வழித்தோன்றலான பிரெஸ்டீஜ் வட்டே 2007இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற முதல் கழுத்து வட்டு. 2013இல் அடுத்தடுத்த இரு நிலைகளுக்கென மோபி-சி ஒப்புதல் பெற்றது. இரு நிலைகளில் அதைப் பொருத்திக்கொண்டோரில் 7 ஆண்டுகளுக்குள் மறு அறுவை வேண்டியிருந்தவர்கள் 4.4 விழுக்காட்டினர், இணைப்பு செய்துகொண்டோரில் 16.2 விழுக்காட்டினர். செய்த நிறுவனங்களே இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி தருவதை நினைவில் இருத்தினாலும், வேறுபாடு சிறிதன்று. அசைவைக் காத்தலும் காயத்தைச் சுருக்குதலும் கழுத்தில்தான் உண்மையாகக் கைகோத்தன.

எனவே 'செயற்கை டிஸ்க் நல்லதா?' என்ற கேள்விக்கு வரலாறு ஒற்றை விடை தருவதில்லை. அது வேறு கேள்விகளைக் கற்றுத்தருகிறது. கழுத்திலா, இடுப்பிலா? எதனோடு ஒப்பிட்டு நல்லது என்கிறார்கள்? எத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள்? தோற்றால் எவ்வழியே வெளியே எடுப்பார்கள்? சிறு துளை என்பது துண்டை எடுப்பதற்கா, வட்டை வைப்பதற்கா? மேசையின் எதிர்ப்புறம் அமர்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கு இக்கேள்விகளைக் கேட்கும் உரிமை உண்டு. நல்ல மருத்துவர் அவற்றை விரும்பவே செய்வார்.

இணைத்தவர்கள் உறுதியை விரும்பினர். அசைவைக் காக்க முனைந்தவர்கள் இயற்கையை ஒத்திருக்க விரும்பினர். இரு தரப்பையும் இறுதியில் அளந்தது காலம்தான். எஃகுக் குண்டு தோற்றதைக் காலம் காட்டியது. பெர்லினில் இறுகிப்போன வட்டுகளையும் காலமே காட்டியது. தாங்கும் பொருளைத் தேடுவதற்கு இணையான அருமை, அது தாங்குகிறதா என்று பொறுத்திருந்து பார்ப்பதிலும் உண்டு. நம் மொழி போற்றிய நிமிர்வுக்கு உள்ளே இருபத்து மூன்று வட்டுகள் நாளெல்லாம் வளைந்தும் நெகிழ்ந்தும் உழைக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கேனும் ஈடு செய்யக் கற்றறிந்தோர் அறுபது ஆண்டுகளாக முயல்கின்றனர். கழுத்தில் ஓரளவு வென்றிருக்கின்றனர். இடுப்பில் இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றனர்.